முதலில் நிற்பவள் நடக்க வேண்டும்

இவெலிஸ் கோர்தெரோ தன் தம்பியைப் பார்க்க முதன்முதலாக அந்த மலைச் சிறைக்குப் போன அன்று வாசல் சாத்தியிருந்தது. பிராங்க்ஸிலிருந்து ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தாள். உள்ளே ஏதோ அடிதடி, இன்றைக்கும் நாளைக்கும் யாரையும் விடமாட்டோம் என்று காவலர் ஒருவர் சன்னல் வழியே சொல்லிவிட்டுத் தன் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ் நிறைய வந்திருந்த பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி ஏறி உட்கார்ந்தார்கள். அழுதவள் இவெலிஸ் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

முன்கூட்டியே போன் செய்து கேட்டிருக்கலாமே என்பவர்கள் அந்த இடத்துக்குப் போன் செய்து பார்த்ததில்லை. மணி அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும். இணையப் பக்கத்தைத் திறந்தால், கட்டடமே பற்றி எரிந்தாலும் ‘வழக்கம்போல்’ என்றுதான் போட்டிருக்கும். செத்தவன் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்தமாதிரி.

அன்றைக்கு உள்ளே தம்பி அன்செல்மோ, யாரையும் விடவில்லை என்பது தெரியாமல், சவரம் செய்து, சட்டைக்குத் தண்ணீர் தொட்டு மடிப்பு வைத்து, கட்டில் ஓரத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தானாம். “நீ வர வேணாம்னு முடிவு பண்ணிட்டியோன்னு நெனச்சேன், இவி” என்று பிறகு போனில் சொன்னான். அந்த ஒரு வாக்கியம் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவன் செய்தது தப்புதான். கடைக்குள் போய்த் துப்பாக்கியைக் காட்டியவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியவன் அவன். அதற்கு நீதிபதி கொடுத்ததை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள். பச்சைத் துவரை போட்டுச் சோறு வடிக்கும்போது கை தானாக இன்னொரு ஆளுக்கும் சேர்த்து அளந்துவிடும். கதவோரம் அவனுடைய செருப்பு அப்படியே கிடந்தது. குளியலறையில் அவன் சுருதி தப்பிப் பாடுவதை நிறுத்தச் சொல்லி எத்தனை தடவை கதவைத் தட்டியிருப்பாள்! இப்போது அந்தப் பாட்டுக்காக ஏங்கினாள்.

அவளுடைய வேலை செயலி எழுதுவது. யாருக்கோ சூடான சாப்பாட்டை யாரோ கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவன் தன் பீட்சா எந்தத் தெருவில் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க முடிகிறது, ஒரு தாய்க்குச் சிறை வாசல் திறந்திருக்கிறதா என்று தெரியவில்லையே என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் ‘வாசல்’ என்ற செயலி பிறந்தது.

முதல் ‘வாசல்’ பார்க்க வெகு அழகு. நாட்காட்டி, வரைபடம், அரட்டை அடிக்க ஓர் இடம், பார்வையாளர் விதிகள் எல்லாம் இருந்தன. யாரும் சீண்டவில்லை. அவளுக்கே காரணம் புரிய இரண்டு பயணம் பிடித்தது. சிறைக்குள் கைப்பேசிக்கு இடமில்லை, வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். தவிர, அந்த மலையில் சிக்னலே கிடையாது. வாசல் திறந்திருப்பது தெரிந்தவளிடம் போன் இருக்காது, போன் வைத்திருப்பவளுக்கு வாசல் தெரியாது. இதில் நாட்காட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எல்லாவற்றையும் தூக்கிப்போட்டாள். ஒரே ஒரு சொல் போதும் என்று வைத்தாள்: திறப்பு, அல்லது சாத்தல். பட்டன் போனிலும் குறுஞ்செய்தியாக வந்து விழும். மலையிலிருந்து சற்றுத் தூரம் இறங்கினால், ஒற்றைப் பைன் மரம் நிற்கும் வளைவில் சிக்னல் கிடைத்தது. வரிசையில் யாராவது ஒருத்தி அந்த வளைவுவரை நடந்துபோய் அந்த ஒரு சொல்லை அனுப்ப வேண்டும். அடிவாரக் கூட்டுரோட்டில் நிற்கும் பஸ்ஸுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்குக் கிளம்ப நகரத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

யார் நடப்பது? கடைசியில் நிற்பவள் நடக்கட்டும் என்றுதான் இவெலிஸ் நினைத்தாள். அதை மறுத்தவள் ரோஷெல். புருக்ளினில் பள்ளி வண்டி ஓட்டுபவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். அவள் கணவன் டெரில், அன்செல்மோவின் வரிசையில் நாலு அறை தள்ளி இருந்தான். தன் பழைய வேனில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடுவாள். பெரும்பாலும் அவள்தான் வரிசையில் முதல்.

“கடைசி ஆளுக்கு உள்ள உக்கார மேஜை கெடைக்கிறதே சந்தேகம், அவள போயி நடக்கச் சொல்றியா? உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியா? மொதல்ல நிக்கிறவதான் நடக்கணும். அவகிட்டதான் குடுக்கறதுக்கு இடம்னு ஒண்ணு இருக்கு” என்றாள் ரோஷெல். சொன்னதோடு நிற்காமல், உள்ளே தீனி இயந்திரத்துக்குப் போடச் சில்லறை நிரப்பி வைத்திருந்த கண்ணாடிப் பையைத் தான் நின்ற இடத்தில் தரையில் வைத்துவிட்டு, பனியில் கிடுகிடுவென இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது பை அங்கேயே இருந்தது. வரிசை அதைச் சுற்றி விலகி நின்றிருந்தது.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் சன்னல் திறந்து காவலர் சேதி சொன்னதும், முதலில் நிற்பவள் சில்லறைப் பையைத் தரையில் வைத்துவிட்டு வளைவுக்கு நடப்பாள். அந்தப் பையை யாரும் தொட்டதில்லை, தாண்டியதும் இல்லை. இத்தனைக்கும் ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாது. ‘ஆறாம் பிளாக் அம்மா’, ‘சிவப்புக் கோட்டு’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ரோஷெலுக்கு இவெலிஸ் ‘கம்ப்யூட்டர்காரி’. இவெலிஸின் உள்ளாடைக் கம்பி சோதனைக் கருவியில் கீச்சிட்டு, அவள் வெளியே துரத்தப்பட்ட அன்று, ரோஷெல் வேனிலிருந்து கட்டிங் பிளேயர் எடுத்துவந்து அந்தக் கம்பியை வெட்டி உருவினாள். “படிச்ச பொண்ணு, பாரு. இரும்ப நெஞ்சுல மாட்டிக்கிட்டு ஜெயிலுக்கு வருது” என்று அவள் சொன்னதில் வரிசையே சிரித்தது.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். வரும் இலையுதிர் காலத்தில் அன்செல்மோ பரோல் குழுவின் முன் உட்கார வேண்டியிருந்தது. நல்ல வக்கீல் ஒருவர் வைத்தால் வெளியே வர வாய்ப்புண்டு, வெறுங்கையோடு போனால் இன்னும் இரண்டு வருஷம் தள்ளிவிடுவார்கள் என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். அவள் இரவில் செருப்பைப் பார்ப்பாள், இரண்டு வருஷம் என்று நினைப்பாள், தூக்கம் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் பிரெஸ்டன். புது நிறுவனங்களில் பணம் போடுகிறவர். ‘வாசல்’ மற்றச் சிறைகளுக்கும் பரவுவதைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான், சிரித்த முகம். சிரித்த முகத்தோடு அவர் கேட்டது இவ்வளவு: சந்தா கட்டுகிறவர்களுக்குச் சேதி உடனே போகட்டும், கட்டாதவர்களுக்கு அரை மணி கழித்துப் போகட்டும்.

“யாருக்கும் எதையும் மறுக்கலையே இவெலிஸ். கொஞ்சம் லேட்டா குடுக்கறோம், அவ்வளவுதான். ஒரு மாசம் போட்டுப் பாப்போம். ஓடினா, உங்க தம்பிக்கு ஊர்லயே பெரிய வக்கீல நான் வெக்கிறேன்.”

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நடப்பது யார் கால், விற்பது யார் சேதி என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சரி என்றாள். தம்பி வீட்டுக்கு வர வேண்டும், அதற்கு மேல் அவள் மனசில் இடமில்லை.

அந்தச் சனிக்கிழமை பார்வையாளர் கூடத்தில் தம்பியின் எதிரே உட்கார்ந்து, இயந்திரத்தில் வாங்கிச் சூடாக்கிய கோழி இறக்கையை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் இறக்கையைக் கீழே வைத்தான்.

“யாருகிட்ட காசு வாங்கப் போற?”

“இஷ்டப்பட்டவங்க கட்டப் போறாங்க. கட்டாயம் இல்லடா.”

“டெரில் பொண்டாட்டி கட்டணுமா? அவதான நடக்கிறது?”

“நடக்கறவங்களுக்கு ஃப்ரீயா குடுக்கச் சொல்றேன்.”

“இவி, நான் இங்க இவனுங்களோடதான் இருக்கேன். சனிக்கெழம காலைல ஒவ்வொருத்தனும் மூஞ்சி கழுவி உக்காந்திருக்கான். பொண்டாட்டி வர்றாளா, அம்மா வர்றாளான்னு. காசு கட்டலைன்னு ஒருத்தன் அம்மா பஸ்ஸ விட்டுட்டா, அவன் மூஞ்ச நான் எப்படிப் பாக்கறது?”

“நீ வெளிய வந்துட்டா பாக்க வேணாமே!” என்று அவள் வெடித்துவிட்டாள். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொட்டின பாலை அள்ள முடியுமா?

அன்செல்மோ எழுந்தான். எழுந்தால் சந்திப்பு முடிந்தது என்று அர்த்தம், காவலர் அப்போதே வந்து நின்றுவிட்டார். “அவங்கள நிக்க வெச்சி என்னை வெளிய எடுக்காதே. அப்படித்தான் செய்வேன்னா, நீ இங்க வராதே” என்றான். குரல் உயரவில்லை. அவனுடைய பச்சைக் கைதிச் சட்டை கதவுக்குள் மறைந்தது. இறக்கையிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரமும் போனாள். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, கொடுத்த மேஜையில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களின் ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள், சிரித்தார்கள், தின்றார்கள். அவள் முன்னால் மட்டும் நாற்காலி காலியாக இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு காவலர் குனிந்து, “வர மாட்டேங்கிறான்மா” என்றார். அதை மெதுவாகத்தான் சொன்னார், பாவம். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டதுபோல் அவளுக்கு உடம்பு கூசியது. வாசல் திறந்திருந்தும் உள்ளே நுழைய முடியாத நாள் ஒன்று உண்டு என்று அவள் அன்றுதான் அறிந்தாள். அதற்கு எந்தச் செயலியிலும் சொல் கிடையாது.

அப்படியும் பிரெஸ்டனை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த வாரமே சந்தா தொடங்கியது. தம்பி கோபத்தில் பேசுகிறான், வெளியே வந்தால் புரிந்துகொள்வான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஆசை யாரை விட்டது?

மூன்றாம் வாரம் அவள் வந்த பஸ் கூட்டுரோட்டில் நின்றது. எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். பணம் கட்டியவர்கள், கட்டாதவர்கள், யாருக்கும் ஒரு சொல்லும் வரவில்லை. ஓட்டுநர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சரி, போயித்தான் பாப்போம்” என்று மலையேறினார். மேலே போனால் சாத்தல். உள்ளே ஜுரம் பரவியிருக்கிறதாம். பஸ்ஸில் ஒரு பெண், இஸ்திரி கலையாமல் இருக்க வழியெல்லாம் முதுகு சாயாமல் உட்கார்ந்து வந்த பெண், இறங்கி அந்தச் சன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. அது இவெலிஸுக்குத் தாங்கவில்லை.

ரோஷெலின் வேன் ஓரமாக நின்றிருந்தது. அவள் படியில் உட்கார்ந்து முட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“நீங்கதான மொதல்ல நின்னீங்க?” என்றாள் இவெலிஸ்.

“ஆமா.”

“சாத்தல்னு தெரிஞ்சும் ஏன் நடக்கல?”

“எதுக்கு நடக்கணும்? சேதி விக்கிற முதலாளி நீ. ஒரு ஆள வேலைக்கி வெச்சி நடக்கச் சொல்லு.”

“உங்களுக்கு ஃப்ரீயாதான குடுத்தேன்!”

“ஃப்ரீயா குடுத்தாளாம்!” ரோஷெல் காகிதத்தைக் கசக்கினாள். “ஏடி, நான் நடந்தது எனக்குத் தெரியறதுக்கா? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே, மொதல்ல நிக்கிறவளே நாந்தான. அதோ நிக்கிறாளே, அவளுக்காக நடந்தேன். இனிமே நான் நடந்தா, அவகிட்ட காசு புடுங்கறதுக்கு உனக்காக நடந்த மாதிரி ஆயிடும். இந்தப் பனியில முட்டி வலியோட, அந்தச் சிரிப்பு மூஞ்சிக்காரனுக்காக நான் ஏன் நடக்கணும்?”

தான் எழுதியது வெறும் தபால்பெட்டி என்றும், தபால் என்பது இவர்கள் நடந்த நடை என்றும் அப்போது இவெலிஸுக்கு உறைத்தது. காசு என்று ஒரு சொல் நுழைந்ததும் கால்கள் நின்றுவிட்டன. நியாயம்தானே?

“தப்புப் பண்ணிட்டேன்” என்றாள்.

“பண்ணுன” என்றாள் ரோஷெல். ஆறுதல் சொல்லும் பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

பஸ் இறங்கும்போது பைன் மர வளைவில் சிக்னல் வந்தது. அங்கேயே பிரெஸ்டனைக் கூப்பிட்டாள். அவர் சிரிப்பு மாறாமல் பேசிப் பார்த்தார், வக்கீலை நினைவுபடுத்தினார், இந்த வயதில் இப்படி உணர்ச்சிவசப்படுவது சகஜம் என்றும் சொன்னார். அவள் வேண்டாம் என்பதை மறுபடி மறுபடி சொன்னாள். போனை வைத்தாள். என் தம்பியை இன்னும் இரண்டு வருஷம் உள்ளேயே வைத்துவிட்டேன் என்று தோன்றியது. சன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் அழுதாள். ஊர் வந்து சேர்ந்த அன்றே சந்தாவை எடுத்துவிட்டாள், கட்டியவர்களுக்குத் திருப்பியும் கொடுத்தாள். ‘வாசல்’ பழையபடி ஒற்றைச் சொல்லானது. ஆனால் அந்தச் சொல்லை அனுப்ப யாராவது நடந்தால்தானே?

அடுத்த சனிக்கிழமைக்கு அவள் பஸ்ஸில் வரவில்லை. ஒரு காரை வாடகைக்கு எடுத்து, ரோஷெலையும் முந்திக்கொண்டு வந்து, வாசல் முன் முதல் ஆளாக நின்றாள். காற்று காதை அறுத்தது. பின்னால் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவளைப் பார்த்து யாரும் தலையசைக்கவில்லை. ரோஷெல் வந்து இரண்டாவதாக நின்று, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சன்னல் திறந்தது. “இன்னைக்கி உண்டு. நாளைக்கும் உண்டு” என்றார் காவலர்.

இவெலிஸ் சில்லறைப் பையைத் தரையில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். ரோஷெல் முட்டி வலியோடு இதில்தான் இத்தனை நாள் நடந்தாளா! பாதை முழுக்கக் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. இரண்டு இடத்தில் வழுக்கி உட்கார்ந்தாள். வளைவில் நின்று, விறைத்த விரலால் ‘திறப்பு’ என்று அனுப்பினாள். கீழே எங்கேயோ ஒரு பஸ் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அந்தப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் யாரோ ஒருவர் காத்திருக்கிறார். தனக்கு இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது.

ஏறி வரும்போது வாசல் திறந்து, ஆட்கள் உள்ளே போகத் தொடங்கியிருக்க வேண்டிய நேரம். தன் இடம் போயிருக்கும், போனால் போகட்டும், அது தனக்கு வேண்டும்தான் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். வரிசை அப்படியே நின்றிருந்தது. காவலர் கதவைப் பிடித்துக்கொண்டு எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் தரையில் சில்லறைப் பை கிடந்தது. அதன் பின்னால், பையில் கால் படாமல், மலைமாதிரி ரோஷெல் நின்றிருந்தாள்.

“என்னடி ஆமை மாதிரி வர்ற? அந்தாளு எத்தனை தடவ உள்ள வா, உள்ள வான்னு கத்திட்டாரு தெரியுமா? பையத் தூக்கு, நட” என்றாள்.

இவெலிஸ் பையைத் தூக்கினாள். முதல் ஆளாக உள்ளே போனாள்.

கொடுத்த மேஜையில் உட்கார்ந்தாள். டெரில் வந்தான். ஆறாம் பிளாக் அம்மாவின் மகன் வந்தான். பஸ் வந்து சேர்ந்து, சற்று நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. இஸ்திரி கலையாத பெண்ணின் ஆளும் வந்துவிட்டான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவெலிஸ் எதிர்நாற்காலியைப் பார்க்காமல் இருக்க, பையிலிருந்த சில்லறையை எண்ணுவதும் மறப்பதுமாக இருந்தாள். அவன் வராவிட்டாலும் அடுத்த வாரம் வருவேன், அதற்கடுத்த வாரமும் வருவேன், வந்து நடப்பேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தலை தானாகத் திரும்பியது.

பச்சைச் சட்டை ஒன்று அவள் பக்கத்தில் வந்து நின்றது. மடிப்பு கத்தியாக இருந்தது.

அன்செல்மோ உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டான். “இன்னைக்கி யாரு நடந்தா?”

“நான்.”

அவன் அவளுடைய பேன்ட்டைப் பார்த்தான். முழங்காலிலிருந்து கீழே ஈரம், ஒரு பக்கம் சேறு.

“விழுந்தியா?”

“ரெண்டு தடவ.”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “பனியில தட்டையா கால் வெச்சி நடக்கணும் இவி. வாத்து மாதிரி. சின்ன வயசுல எனக்கு நீதான சொல்லிக் குடுத்த” என்றான். அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பக்கத்து மேஜையிலிருந்து ரோஷெல், “அழுதது போதும், எறக்க தீந்துடப் போவுது, போயி வாங்குடி” என்று குரல் கொடுத்தாள்.

வக்கீல் இல்லை என்று சொன்னாள். நடந்தவள் அவள் என்றதுமே அவனுக்கு அது தெரிந்துவிட்டிருந்தது. குழு என்ன சொல்லும் என்று இருவரும் பேசவில்லை. துவரைச் சோறு பற்றிப் பேசினார்கள். அடியில் பிடித்த காந்தலை யார் தின்பது என்று பழைய சண்டையைப் போட்டார்கள். அவன் மெதுவான குரலில் பாடக்கூடச் செய்தான், சுருதி இன்னும் தப்பித்தான் இருந்தது.

நேரம் முடிந்ததும், உள்ளே இருப்பவர்கள் நாற்காலியிலேயே இருக்க வேண்டும், வந்தவர்கள்தான் எழுந்து போக வேண்டும். அது அங்கே சட்டம். அவள் எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் எலும்புகளைக் காகிதத் தட்டில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் தாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். காவலர் வெளிவாசலைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். வாசல் திறந்துதான் இருந்தது, அவள் ஒருத்தி போவதற்கு.